நாலு மூலையிலும் இரும்பு

ஜூடோ வகுப்பில் முதலில் சொல்லித்தருவது எப்படி விழுவது என்பதைத்தான். அடுத்தவரைத் தூக்கிப் போடுவதெல்லாம் பிறகு. பின்னால் சாயும்போது மோவாயை நெஞ்சோடு ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும். முதுகு தரையைத் தொடும் அதே நேரத்தில் கையை வீசித் தரையைப் பளாரென்று அறைய வேண்டும். விழுந்த வேகம் கை வழியாக இறங்கி ஓடிவிடும். மாஸ்டர் இதைச் செய்துகாட்டிவிட்டு எழுந்து, "மொதல்ல எல்லாருக்கும் பயமாத்தான் இருக்குமுங்க. விழுந்து விழுந்து பழகிக்கலாமுங்க" என்றார். நான் பணிவாகத் தலையாட்டினேன். விழுவதில் எனக்கு அப்போதே பல வருட அனுபவம் இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

உக்கடம் பேருந்து நிலையத்தில் விழுந்திருக்கிறேன். பெரியப்பா மகள் கல்யாணத்தில், இரண்டாம் பந்தியில், ரசத்துக்கும் மோருக்கும் நடுவே இலைமீதே விழுந்திருக்கிறேன். நான் குமாஸ்தாவாக இருந்த மோட்டார் பம்பு கம்பெனி அலுவலகத்தில், மேலாளர் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறேன். தன் திட்டுக்கு அவ்வளவு வலிமை இருக்கும் என்று அந்த மனிதர் எதிர்பார்க்கவில்லை. அதன்பின் யாரையும் குரல் உயர்த்திப் பேசாதவராகிவிட்டார். அந்தக் கம்பெனிக்கு என்னால் நடந்த ஒரே நன்மை அது.

இவற்றில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. வலிப்பு வருகிறவனுக்கு வலிப்பு தெரியாது. என் வாழ்க்கையின் பெரிய காட்சிகள் எல்லாவற்றிலும் நான் மட்டும் ஊரில் இல்லை. திரும்பி வரும்போது வாயில் ரத்த ருசி இருக்கும், வானத்தை மறைத்துக்கொண்டு முகங்கள் இருக்கும், கையில் இரும்பு இருக்கும்.

கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு அடங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். நான் எங்கே விழுந்தாலும் முன்பின் தெரியாத மனிதர்கள் தங்கள் வீட்டுச் சாவியை, பீரோ சாவியை, சைக்கிள் சாவியை என் உள்ளங்கையில் திணித்து மூடினார்கள். உக்கடத்தில் ஓட்டுநரின் ஸ்பேனர். கல்யாண வீட்டில் யாரோ சமையல்கட்டிலிருந்து அரிவாள்மனையையே தூக்கிக்கொண்டு ஓடிவந்ததாகவும், அம்மா குறுக்கே விழுந்து தடுத்ததாகவும் கேள்வி. கோயமுத்தூர் ஜில்லாவில் இத்தனை பேர் தங்கள் வீட்டை நம்பி ஒப்படைத்த மனிதன் என்னைப்போல வேறொருவன் இருந்திருக்க மாட்டான்.

கோயமுத்தூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் வைத்தியம் நடந்தது. அவர் கொடுத்த மாத்திரை தலைக்கு நல்லது, ஈறுக்கு ஆகாது. சிரித்தால் பல்லைவிட ஈறுதான் முன்னால் வந்து வணக்கம் சொல்லும். மாத்திரையோடு சில கூடாதுகளும் தந்திருந்தார். கிணற்றில் நீந்தக் கூடாது. தென்னை மரம் ஏறக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது. அடுப்புப் பக்கம் தனியாக நிற்கக் கூடாது. கிணத்துக்கடவில் பிறந்தவனிடம் கிணறும் தென்னையும் வண்டியும் கூடாது என்றால் அவனுக்கு மிஞ்சுவது பேருந்து நிறுத்தம்தான். நான் பேருந்து நிறுத்தத்தில் நின்று இளைஞனானேன்.

ஜூடோ கூடாது என்று டாக்டர் சொல்லவில்லை. அப்படியொரு கிறுக்கு எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

எனக்குத் தோன்றியதும் பேருந்திலிருந்துதான். வேலைக்குப் போகிற வழியில் ஒரு நூற்பாலையின் சுற்றுச்சுவரில் சுவரொட்டி. தொழிலாளர் மனமகிழ் மன்றத்தில் மாலை நேர ஜூடோ வகுப்பு. படத்தில் ஒருவன் இன்னொருவனைத் தோள்மேல் தூக்கி வீசிக்கொண்டிருந்தான். பார்க்கிறவர்கள் வீசுகிறவனைத்தான் பார்ப்பார்கள். நான் பறக்கிறவனைப் பார்த்தேன். தலை கீழே, கால் மேலே, உடம்பு முழுக்கக் காற்றில். அவன் கண்கள் திறந்திருந்தன.

கண்ணைத் திறந்துகொண்டு விழுகிற மனிதன். பேருந்து நகர்ந்த பிறகும் அந்தக் கண்கள் கூடவே வந்தன. என்னை அப்போது யாரும் விழ விடுவதில்லை. நடந்தால் அம்மாவின் கை என் முழங்கையில் இருக்கும். கொட்டாவி விட்டால் வீட்டில் இரண்டு பேர் எழுந்து நிற்பார்கள். இருபத்தாறு வயதில், மீசை வைத்துக்கொண்டு, பரணிலிருந்து இறக்கிய கண்ணாடி ஜாடிபோல ஊருக்குள் கைமாறிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டியிருந்தது. நான் விழும்போது நானும் அங்கே இருக்க வேண்டும்.

மாஸ்டருக்கு என் வயதுதான். பகலில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிவிட்டு, சாயங்காலம் கை கழுவி வந்து எங்களைத் தூக்கிப் போடுவார். சேர்ந்த அன்று, "ஒடம்புக்குத் தொந்தரவு ஒண்ணும் இல்லீங்களே?" என்றார்.

"இல்லீங்க."

"ஆஸ்துமா, ஆர்ட்டு, அந்த மாதிரி?"

"சேச்சே. ஆர்ட்டெல்லாம் நெம்ப நல்லாருக்குதுங்க" என்றேன். அதில் பொய் ஏதுமில்லை. இருதயத்தைத்தான் கேட்டார், மண்டையைக் கேட்கவில்லை.

தரையில் விரித்திருந்தது ஒரு பெரிய தார்ப்பாய். அதற்கடியில் மில்லில் கழித்துப்போட்ட பஞ்சை அடைத்த சாக்குகள். ஒவ்வொரு முறை யாராவது விழும்போதும் தையல் வழியாகப் பஞ்சுத்தூசி புகைபோல் எழும்பி, ஜன்னல் வெயிலில் மிதந்து, எங்கள் தலைமேல் இறங்கும். ஜூடோ சட்டை காடா துணியை இரட்டையாக மடித்து, சாக்குத் தைக்கிறவரிடம் கொடுத்துத் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றேன். சர்க்கரை மூட்டைக்கு மீசை வரைந்ததுபோல இருந்தது.

என் ஜோடியாக மாஸ்டர் நிறுத்தியது எங்கள் ஊர்க்காரர். தேங்காய் மண்டி வைத்திருந்தார். என்னைவிட இரண்டு வயது இளையவர், இரண்டு மடங்கு எடை. இடுப்பில் எப்போதும் மண்டியின் சாவிக்கொத்து தொங்கும். பயிற்சிக்கு முன்னால் அதைக் கழற்றி விரிப்பின் ஓரமாக, கைக்கெட்டும் தூரத்தில் வைப்பார். அந்த வகுப்பிலேயே மரியாதை மிகுந்த மனிதர் அவர். என் காலரைப் பிடித்து, காலை இடறி, நான் அந்தரத்தில் இருக்கும்போது, "தப்பா நெனச்சுக்காதீங்ணா" என்பார். நான் தரையைத் தொடும் முன் முழங்கையால் முதுகுக்கு அணை கொடுத்துவிடுவார். பூப்போல இறக்கிவைப்பார். எனக்கு வேறொரு பெருமை தட்டியது. இவ்வளவு பெரிய ஆளால் என்னைப் பலமாக வீச முடியவில்லையே, நமக்கு இயல்பாகவே ஏதோ இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் விரிப்பின் நாலு மூலையிலும் இரும்பு வந்தது. ஒரு மூலையில் மண்டியின் எடைக்கல். ஒன்றில் லேத்துப் பட்டறையின் மிச்சத் தண்டு. ஒன்றில் திறக்க முடியாத பழைய பூட்டு. இன்னொன்றில் மாட்டு லாடம். காற்றில் தார்ப்பாய் பறக்காமலிருக்க வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். மூடிய மண்டபம். காற்றாடி ஒன்றுதான், அதுவும் ஓடாது. அடியில் பஞ்சு மூட்டைகள், மேலே அத்தனை ஆட்கள். மாட்டு லாடம் எந்தக் காற்றைத் தடுக்கும் என்று யோசிக்கிற அறிவு எனக்கு இருந்தது, யோசிக்கத்தான் தோன்றவில்லை.

வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லியிருந்தேன். அந்த வருடங்களில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். அம்மா மட்டும் ஒருநாள் சோற்றைப் போட்டுவிட்டு, என் தலையிலிருந்து ஒரு பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, கம்ப்யூட்டருக்குள்ள பஞ்சு வெச்சிருப்பாங்களா?"

"சூடாகாம இருக்கறதுக்கும்மா."

"முட்டிக்கையி எப்படித் தோலு உரிஞ்சுது?"

"கீபோர்டு."

"ஓ" என்றாள் அம்மா. குழம்பு ஊற்றினாள். அதோடு விட்டுவிட்டாள். அவளை ஏமாற்றிவிட்டேன் என்று நான் நம்பினேன்.

அந்த மாதங்களை எப்படிச் சொல்வது. விழுந்தேன். பின்னால் விழுந்தேன், பக்கவாட்டில் விழுந்தேன், உருண்டு விழுந்தேன். ஒவ்வொரு விழுகையிலும் நான் இருந்தேன். ஓட்டுக்கூரை சாய்வதைப் பார்த்தேன். தூசி மிதக்கும் வெயில் கண்ணுக்குமுன் ஒரு வட்டம் சுற்றுவதைப் பார்த்தேன். தரை வரும் ஓசையைக் கேட்டேன், அது என் கையே எழுப்பும் ஓசை. பளார். பளார். மற்றவர்கள் வீசக் கற்றுக்கொள்ள வந்தார்கள். வீசப்படுவதற்கென்றே தினமும் முன்வரிசையில் நிற்கும் ஒருவனை மாஸ்டர் அதுவரை பார்த்ததில்லை. "உங்களுக்கு விழுகறதுல நெம்ப ஆர்வமுங்க" என்றார். பாராட்டா புகாரா என்று விளங்கவில்லை. வலிப்பு அந்த விரிப்பில் ஒருநாளும் வரவில்லை. அதற்கென்று வேறு இடங்கள் வைத்திருந்தது.

பிறகு போட்டி வந்தது. சுற்றுவட்டாரக் குழுக்களையெல்லாம் அழைத்து, கோயமுத்தூரில் ஒரு பள்ளிக்கூட அரங்கில். மாஸ்டர் என் பெயரையும் சேர்த்தார். இத்தனை மாதமாக யாரும் கண்டுபிடிக்காத என் ரகசியத்தோடு, எல்லோரையும்போல ஒரு சாதாரண ஆளாகப் போய் நிற்க முடியும் என்பதே எனக்குப் பாதி வெற்றி. அம்மாவிடம், "நாளைக்குக் கம்ப்யூட்டர் பரீட்சை" என்றேன். "நல்லாப் பண்ணு கண்ணு" என்று திருநீறு பூசிவிட்டாள்.

எனக்கு எதிராக வந்தவர் வெள்ளகோவில் பக்கம், விசைத்தறி ஓட்டுகிறவர். ஒல்லி, முறுக்கின கயிறுபோல உடம்பு. கும்பிடும்போதே, "நெம்ப இறுக்கிப் புடிச்சனா சொல்லுங்ணா" என்றார். எங்கள் பக்கத்துச் சண்டை இப்படித்தான் தொடங்கும்.

நான் அவரை வீசினேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. அவர் என் காலை இடற வந்தார், நான் அவர் காலை இடறப் போனேன், இருவரும் தப்பான காலை இடறிச் சேர்ந்து சாய்ந்தோம். ஆனால் விழுவதில் எனக்கு அவரைவிட மூப்பு அதிகம். காற்றில் எப்படியோ திரும்பி அவர்மேல் விழுந்தேன். விழுந்த கையோடு அவர் கழுத்துக்கடியில் கை கொடுத்து, காலரை முறுக்கிப் பிடித்து, நெஞ்சால் அமுக்கிவிட்டேன். அப்படியே அவரை எழவிடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் ஜெயம். நேரம் பார்க்கிறவர் கடிகாரத்தை அழுத்தியது கேட்டது.

அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது எனக்கு. விசைத்தறிக்காரர் மீனாகத் துள்ளினார். என் கைகள் நடுங்கின. கைகளிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து இடுப்புக்கு நடுக்கம் இறங்கிக் கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன. பல்லை இறுகக் கடித்திருந்தேன். பருத்த ஈறுகளுக்கிடையே எச்சில் நுரைத்து வழிந்தது. கண்கள் தாமாகவே மேலே செருகிக் கூரையைப் பார்த்தன. தொண்டையிலிருந்து ஏதோ ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது. இப்போது யோசித்தால் அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதலில் கேட்டது சாவிக்கொத்துச் சத்தம். ஜல்ஜல்லென்று ஓடிவந்து என் பக்கத்தில் தொப்பென்று மண்டியிட்டது. மண்டிக்காரர் என் வலக்கையைப் பிடித்தார். காலரை முறுக்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அந்த மனிதருக்கு அவ்வளவு பலம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"உடுங்க" என்றேன். கடித்த பல்லுக்கு நடுவே அது வேறு மாதிரி வந்திருக்கும்.

"பேச்சு கொளறுது. மாஸ்டர், சீக்கிரமுங்க."

மாஸ்டர் லேத்துத் தண்டோடு வந்தார். இன்னொருவர் லாடத்தோடு வந்தார். விரிப்பின் மூலை இரும்புகளையும் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள். என் இடக்கையும் பிரிக்கப்பட்டது. அடியிலிருந்து விசைத்தறிக்காரரின் குரல் நைந்து வந்தது. "ஏனுங்க, ஆருங்க இவங்கெல்லாம்? எத்தன பேருகூட நான் சண்ட போடோணும்?"

எல்லோரையும் விலக்கிக்கொண்டு பெண்கள் பக்கமிருந்து கடைசியாக வந்தாள் அம்மா. கையில் எங்கள் வீட்டுச் சாவி.

"எல்லாரும் அக்கட்டால நவுருங்க, காத்து வரட்டும். ஏங்கண்ணு, நாஞ்சொன்ன மாதிரி கையில குடுத்தியா?"

"குடுத்துப்போட்டனுங்மா" என்றார் மண்டிக்காரர்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஒரு கையில் சாவிக்கொத்து, மறு கையில் மாட்டு லாடம், மடியில் இரும்புத் தண்டு. அரங்கம் மூச்சுவிடாமல் பார்த்தது. கம்ப்யூட்டர் பரீட்சை எழுதவந்தவனை அம்மாவும் பார்த்தாள். நடுவர் குனிந்து, தணிந்த குரலில்தான் கேட்டார், ஆனால் அந்த அமைதியில் கடைசி வரிசைவரை கேட்டது.

"ஏனுங்க, உங்களுக்கு வலிப்பு இருக்குதுங்களா?"

இல்லை என்று சொல்ல நாக்கு பழகியிருந்தது. கையிலிருந்த லாடத்தைப் பார்த்தேன்.

"இருக்குதுங்க" என்றேன். "இப்ப இல்லீங்க."

முதலில் சிரித்தது தரையில் கிடந்த விசைத்தறிக்காரர். பிறகு அரங்கம். நடுவருக்கு மட்டும் விதி நினைவு வந்தது. வெளியாட்கள் விரிப்பில் ஏறினால் அந்தப் பக்கம் தோற்றதாகக் கணக்கு. விசைத்தறிக்காரர் வெற்றிபெற்றதாகக் கையைத் தூக்கினார்கள். அவர் இறங்கி என்னிடம் வந்து, "நான் ஜெயிச்சுப்போட்டேங்கறாங்க. எப்படீன்னுதான் தெரியலீங்ணா" என்று வருத்தப்பட்டார்.

திரும்பும் பேருந்தில் மண்டிக்காரர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா முன்சீட்டில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கோயமுத்தூர் தாண்டித் தென்னந்தோப்புகள் தொடங்கியதும் நான் கேட்டேன்.

"எப்பருந்து தெரியும்?"

"ஏனுங்ணா, நம்மூர்ல தெரியாதவீங்க ஆரு? நீங்க வந்து சேந்த மறுநாளே அம்மா மண்டிக்கு வந்துட்டாங்க. பஞ்சு ஒட்டீட்டு வாரான், எங்க போறான்னு கேட்டாங்க. சொல்லிப்போட்டேன். அவங்கிட்ட சொல்லீராத கண்ணு, பாத்துக்கோ, கைக்கெட்டற தூரத்துல இரும்பு இருக்கட்டும்னாங்க."

"மாஸ்டருக்கு?"

"நாந்தான் சொன்னேன். நீங்களாச் சொல்லாதப்ப நாம கேக்கறது மரியாதையில்லைன்னுட்டாரு."

"அப்ப மெதுவாப் போட்டதெல்லாம்?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தப்பா நெனச்சுக்காதீங்ணா."

நான் ஒளித்ததை அவர்கள் ஒளித்துவைத்திருந்தார்கள். இத்தனை மாதமும் என் இயல்பான திறமை என்று நான் நினைத்திருந்தது அவருடைய முழங்கை. முன்சீட்டில் தூங்குகிற அம்மா, "கீபோர்டாமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது தெளிவாகக் கேட்டது.

மறுநாள் மன்றத்துக்குப் போனேன். மாஸ்டர் என்னை வாசலிலேயே நிறுத்தினார். கோபமில்லை. கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"தெரியாத மாதிரி இருந்தவரைக்கும் ஒண்ணுமில்லீங்க. இப்ப ஊரே பாத்துருச்சு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அம்மாவுக்கு நான் என்ன பதிலு சொல்றதுங்க? டாக்டரு ஒத்துக்கிட்டாருன்னா வாங்க. இல்லாட்டி வேண்டாமுங்க."

உள்ளே பளார் பளாரென்று ஆட்கள் விழுந்துகொண்டிருந்தார்கள். பஞ்சுத்தூசி வாசல்வரை வந்தது. அதற்குமேல் நான் போக முடியவில்லை. போட்டியில் தோற்றது வலிக்கவில்லை. அந்த வாசலில் நின்றதுதான் வலித்தது. மறுபடியும் பேருந்து நிறுத்தம், மறுபடியும் முழங்கையில் கை.

அம்மாதான் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ஜூடோ என்பதை இரண்டுமுறை கேட்டார்.

"அதுல என்ன செய்வீங்க?"

"விழுவேனுங்க."

"அதான் சும்மாவே விழறீங்களே?"

"இது வேறங்க" என்றேன். எழுந்து, நாற்காலியை ஒதுக்கிவிட்டு, அவருடைய மொசைக் தரையில் விழுந்து காட்டினேன். பஞ்சில்லாத தரையில் கை அறைந்த சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. கதவு படாரென்று திறந்தது. வெளியே காத்திருந்த யாரோ ஒரு பெரியவர், கையில் சாவி.

"அத உள்ள வைங்க" என்றார் டாக்டர் அவரிடம். "சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அது தன்னால அடங்கறது. அந்த நேரத்துல நீங்க சாவி குடுக்கறீங்க, அவ்வளவுதான்." பெரியவர் நம்பாமல் கதவைச் சாத்தினார். அம்மாவும் நம்பவில்லை.

டாக்டர் பேனாவை மூடி மூடித் திறந்தார். மாத்திரை ஒருவேளைகூட விடக்கூடாது, தூக்கம் குறையக்கூடாது, கழுத்தை நெரிக்கிற பிடி எதுவும் கூடாது, வலிப்பு நல்லபடி கட்டுக்குள் வரும்வரை போட்டி கூடாது. இன்னும் சில கூடாதுகள். கடைசியில், "கூட இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிக்குடுக்கணும். அதுக்குச் சம்மதம்னா போங்க" என்றார்.

சொல்லிக்கொடுத்தேன். வகுப்பு முடிந்த பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். தலைக்கடியில் துணி. வாயில் எதுவும் வைக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், அஞ்சு நிமிஷத்துக்குமேல் போனால் ஆஸ்பத்திரி. பழகிப் பார்ப்போம் என்று நானே படுத்து, கையைக் காலை உதறிக் காட்டினேன்.

"அப்படி இல்லீங்ணா" என்றார் மண்டிக்காரர்.

"எது இல்ல?"

"உங்களுக்கு வாரது அப்படி இல்லீங்க. உக்கடத்துல நானும் அதே பஸ்ஸுக்குத்தான் நின்னுட்டிருந்தேன். பாத்தேன்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து உட்கார்ந்தேன். "செஞ்சு காட்டுங்க" என்றேன்.

"வேண்டாமுங்ணா."

"காட்டுங்க."

அவர் சாவிக்கொத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். விரிப்பின் நடுவில் போய் நின்றார். "தப்பா நெனச்சுக்காதீங்க" என்று எல்லோருக்குமாக ஒருமுறை சொன்னார். பிறகு அவர் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது, தோளுக்குப் பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல. இடக்கை மட்டும் மேலே எழுந்தது. அத்தனை பெரிய உடம்பு வெட்டிய மரமாகச் சாய்ந்தது. கையை வீசித் தரையை அறையவில்லை. பஞ்சு எழும்பியது. அதற்குள் அவர் நடுங்கினார், சீராக, ஏதோ எந்திரத்தோடு இணைத்துவிட்டதுபோல. கண்கள் திறந்தே இருந்தன.

கண்கள் திறந்தே இருந்தன. அது எனக்குத் தெரியாது. எத்தனையோ வருடம் விழுந்தவன் அன்றுதான் என்னைப் பார்த்தேன், ஒரு தேங்காய் வியாபாரியின் உடம்பில். நான் பயந்ததுபோல அசிங்கமாக இல்லை. அழகாகவும் இல்லை. ஒரு மனிதன் விழுந்து கிடக்கிறான், அவ்வளவுதான்.

"ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்றேன். அவரை உருட்ட ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் முழங்கையை எடுத்துவிட்டார். விழுகை என்றால் என்னவென்று அந்த வாரம்தான் என் முதுகுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் நாற்காலியில் உட்கார முடியாமல் மேலாளர் முன்னால் நின்றுகொண்டே கணக்கு எழுதினேன். மன்றத்தில் மூலை இரும்புகளை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார்கள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு சாயங்காலம், வலிப்பு விரிப்பிலேயே வந்தது. வழக்கம்போல நான் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது வாயில் ரத்த ருசி. ஒருக்களித்துக் கிடந்தேன். தலைக்கடியில் யாருடைய சட்டையோ. முகங்கள் மேலே கவிந்து நிற்கவில்லை, தள்ளி உட்கார்ந்திருந்தன. மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடியே. உள்ளங்கையில் மட்டும் ஏதோ உறுத்தியது. விரித்துப் பார்க்கவோ கேட்கவோ தெம்பில்லை. கை தன்னாலேயே மூடிக்கொண்டது. ஆட்டோ வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள்.

இனி முடிந்தது என்றுதான் படுத்திருந்தேன். பார்க்காதவரைக்கும் சரி, பார்த்த பிறகு யார் ஏற்றுக்கொள்வார்கள். காலையில் வாசலில் குரல்.

"ஏனுங்மா, அண்ணன் எந்திரிச்சுட்டாருங்களா?"

மண்டிக்காரர். உள்ளே வராமல் செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். உடம்பு முழுக்க அடித்துப் போட்டதுபோல் இருந்தது.

"எப்படி இருக்குதுங்ணா?"

"பரவால்லீங்க."

"நல்லதுங்க." தெருவைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்ணா. மண்டில லோடு வந்து நிக்குது. காங்கேயத்துலருந்து வந்தவன் விடியக்காலமே புடிச்சுக் கத்திட்டு இருக்கறான்."

அப்போதுதான் தலையணைக்கடியில் கிடந்தது நினைவு வந்தது. எடுத்துவந்து நீட்டினேன். மண்டிச் சாவி, கொத்திலிருந்து தனியாகக் கழற்றிய ஒற்றைச் சாவி.

"இரும்பு வேண்டாம்னு சொல்லிக்குடுத்தனே."

"சொன்னீங்க. நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்சோமுங்க. ஒருக்களிச்சு வெச்சோம், மணி பாத்தோம்." சாவியை வாங்கி வேட்டி மடிப்பில் செருகினார். "எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணே ஒண்ணு. சின்னதுதானுங்களே."

அம்மா உள்ளேயிருந்து அவருக்குக் காப்பி கொண்டுவந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட விதத்தில் அவர்கள் ஒரு கட்சி என்று தெரிந்தது. என் கட்சியில் டாக்டர் ஒருவர்தான் இருந்தார்.

காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் படியிறங்கினவர் திரும்பினார்.

"இன்னிக்கு முடியாதுங்க. நாளான்னிக்கு வாரீங்கல்லங்ணா? மாஸ்டர் கேக்கச் சொன்னாரு. தோள் வீச்சு சொல்லித்தாராராமா. விழுகறதுக்கு ஆளு வேணுமாமா."

"வாரேனுங்க" என்றேன்.

அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மண்டியைப் பார்த்து ஓடினார். அங்கே லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். நான் வாசலில் நின்று கொட்டாவி விட்டேன். திண்ணையிலிருந்து அம்மா எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள்.